த்ராஷ்: தலையடியும் போரடியும்

த்ராஷ் மெட்டல் என்பது கிட்டாரையும் டிரம்மையும் படுவேகமாக அடித்து வாசிக்கும் கடுமையான ராக் இசை. கோலாலம்பூரில் அந்த ‘த்ராஷ்’ என்ற சொல்லை நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து ஒழுங்காக உச்சரிப்பவர்கள் குறைவு. ‘த்ரீ’ நம் வாயில் ‘ட்ரீ’ ஆகிறதே, அதே வழியில் இதுவும் ‘ட்ராஷ்’ ஆகிவிடும். ட்ராஷ் என்றால் குப்பை. மகன் கதவைச் சாத்திக்கொண்டு அப்படி என்னதான் கேட்கிறான் என்று எட்டிப் பார்த்த அம்மாக்களுக்கு அந்தப் பெயரில் ஆட்சேபம் இருந்திருக்காது. ஆனால் தமிழில் எழுதும்போதும் சிலர் ‘குப்பை மெட்டல்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. இரண்டும் வேறு சொற்கள். ஒலியில் நெருக்கமே தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

த்ராஷ் வயலிலிருந்து வந்த சொல். கதிரை மிதித்தோ அடித்தோ மணியைப் பிரிக்கும் வேலைக்குப் பழைய ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் இருந்தது. அது பின்னால் ‘த்ரெஷ்’, ‘த்ராஷ்’ என்று இரண்டு வடிவமாகப் பிரிந்தது. ‘த்ரெஷ்’ களத்து வேலையிலேயே தங்கிவிட்டது. ‘த்ராஷ்’ ஆளைப் போட்டு அடிப்பதற்குப் போய்விட்டது. அப்புறம் ஆட்டத்தில் எதிரணியைத் துவைத்தெடுப்பது, கைகாலை உதறிக்கொண்டு துடிப்பது என்று பொருள் விரிந்தது.

இசைக்கு வந்தது வெகு பிற்பாடு. 1980களின் தொடக்கத்தில் ஹார்ட்கோர் பங்க் என்ற வேகமான முரட்டு ராக் இசையை த்ராஷ் என்று சொல்லும் வழக்கம் அமெரிக்காவில் இருந்தது. 1984இல் வந்த ஆந்த்ராக்ஸ் குழுவின் முதல் ஆல்பத்தில் ‘மெட்டல் த்ராஷிங் மேட்’ என்று ஒரு பாட்டு உண்டு. அதைப் பற்றி எழுதும்போது கெராங் என்ற பிரிட்டிஷ் இதழின் மால்கம் டோம்தான் ‘த்ராஷ் மெட்டல்’ என்ற தொடரை முதலில் அச்சில் ஏற்றினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. பெயருக்கு முன்பே பிள்ளை பிறந்துவிட்டது: மெட்டாலிகா குழுவின் முதல் ஆல்பம் 1983 ஜூலையில், ஸ்லேயர் குழுவினுடையது அதே ஆண்டுக் கடைசியில்.

பெயர் பொருந்துகிறதா என்றால், கிட்டார் வாசிப்பவரின் வலது கையைப் பாருங்கள். உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அமுக்கிக்கொண்டு, தந்தி மீட்டும் சிறு வில்லையான பிக்கை மேலிருந்து கீழாகவே திரும்பத் திரும்ப இறக்குவார்கள். மேலும் கீழும் மாற்றி அடித்தால் கைக்குச் சுலபம். ஆனால் அந்த அழுத்தம் வராது. ‘மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்’ பாட்டின் பெரும்பகுதியை மெட்டாலிகாவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் இப்படித்தான் வாசிக்கிறார். கதிர்க்கட்டைத் தூக்கிக் கல்லில் இறக்கும் கை அது.

சரி, தமிழில் என்ன சொல்வது? சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. கதிரடித்தல், சூடடித்தல், போரடித்தல் என்று வரிசையாக நிற்கின்றன. அடித்தல் என்பது களத்திலிருந்து சண்டைக்குப் போன கதையும் நமக்குப் புதிதல்ல. நெல் அடிக்கும் இடமும் களம், ஆள் அடிக்கும் இடமும் களம். குவித்த வைக்கோலும் போர், சண்டையும் போர். தொல்காப்பியம் வாகைத் திணையில் ‘ஏரோர் களவழி’யையும் ‘தேரோர்’ வென்ற களவழியையும் ஒரே இடத்தில் வைத்துப் பேசுகிறது. ஸ்லேயரின் பாட்டு வரிகளைப் படித்துவிட்டு முகம் சுளிப்பவர்கள் களவழி நாற்பதைத் திறந்ததில்லை போலிருக்கிறது. அதில் பாட்டுக்குப் பாட்டு ரத்தம் ஓடும், யானை வெட்டுண்டு சாயும்.

இலக்கணப்படி ‘போரடி மெட்டல்’ என்பதே கச்சிதமான பெயர். மாடு கட்டிப் போரடித்தால் மாளாது என்று ஆனை கட்டிப் போரடித்த பெருமையெல்லாம் நமக்கு இருக்கிறது. ஆனால் இன்றைக்கு ஒரு பையனிடம் “இது போரடி மெட்டல்” என்று அறிமுகப்படுத்தினால், “போரடிச்சா ஏண்ணே கேக்கறீங்க?” என்பான். ஆங்கில ‘போர்’ உள்ளே புகுந்து அந்தச் சொல்லைக் கெடுத்துவிட்டது. ‘குத்து மெட்டல்’ என்றால் நம் ஊரில் உறுமி மேளம்தான் காதில் விழும். ‘சூடடி’ என்றால் யாரோ சூடு போடுவதாக நினைப்பார்கள். ஆக மிஞ்சுவது ‘கதிரடி மெட்டல்’. மெட்டலை அப்படியே விட்டுவிடலாம், அதை உலோகம் ஆக்கினால் இரும்புக்கடை ஞாபகம் வருகிறது.

இந்தக் களத்துச் சொற்களில் எனக்கு அதிகம் பயன்பட்டவை வேறு இரண்டு. அறுத்துக் கட்டிய கதிரை முதலில் கையால் அடிப்பது தலையடி. முற்றிய மணியெல்லாம் அதிலேயே உதிர்ந்துவிடும். அடித்த தாளைப் போராகக் குவித்து, பிறகு பிரித்துப் பரப்பி, மாட்டை விட்டு மிதிக்க வைப்பது போரடி. அதிலும் நெல் வரும். கூடவே பதரும் தூசியும் வரும். மூத்த த்ராஷ் குழுக்களின் புது ஆல்பங்கள் பழசுக்கு ஈடாகுமா என்ற ஓயாத சண்டைக்கு இந்த இரண்டு சொல்லும் அளவெடுத்துத் தைத்தது போல் இருக்கின்றன.

1986ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டாலிகாவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்’, ஸ்லேயரின் ‘ரெயின் இன் ப்ளட்’, மெகாடெத்தின் ‘பீஸ் செல்ஸ்’, ஜெர்மனியிலிருந்து க்ரியேட்டரின் ‘ப்ளெஷர் டு கில்’, எல்லாம் அந்த ஒரே ஆண்டில். தலையடி என்றால் இதுதான். ‘ரெயின் இன் ப்ளட்’ 10 பாட்டு, மொத்தம் 29 நிமிடம். காசெட்டின் ஒரு பக்கத்திலேயே முழு ஆல்பமும் அடங்கிவிட்டதால் மறுபக்கத்திலும் அதையே பதித்துக் கொடுத்தார்கள். 2023 ஏப்ரலில் வந்த மெட்டாலிகாவின் ‘72 சீசன்ஸ்’ 12 பாட்டு, 77 நிமிடம். 22 வயதில் ‘மாஸ்டர்’ பாடிய ஹெட்ஃபீல்டுக்கு அப்போது 59. கை தளரவில்லை, அடி அதே அடிதான். தூற்றுவதற்குத்தான் ஆள் இல்லை. இசைத்தட்டு இருந்த காலத்தில் ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் ஏற்றினால் ஒலி மெலியும். ஆகவே பதரை வெளியே கொட்டித்தான் ஆக வேண்டும். சிடி வந்தபின் அந்தக் கட்டாயம் போய்விட்டது. ‘72 சீசன்ஸ்’ஸில் நாற்பது நிமிடத்துக்கு நல்ல நெல் இருக்கிறது என்பது என் கணக்கு.

நாம் தூற்றவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ரசிகர்கள் தூற்றிக்கொண்டேதான் இருக்கிறார்கள், இன்னொரு அர்த்தத்தில். 2003இல் மெட்டாலிகாவின் ‘செயின்ட் ஆங்கர்’ ஆல்பத்தின் ஸ்நேர் டிரம் தகரம் போல ஒலித்ததை இன்னும் மன்னிக்காதவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

போரடியிலும் வகை உண்டு. ஸ்லேயரின் கடைசி ஆல்பம் ‘ரிபென்ட்லெஸ்’ 2015இல் வந்தது. ‘ஏஞ்சல் ஆஃப் டெத்’ எழுதிய அவர்களின் கிட்டார் கலைஞர் ஜெஃப் ஹானிமன் 2013இலேயே இறந்துவிட்டார். அவர் எழுதிய பாட்டு ஒன்றே ஒன்று, ‘பியானோ வயர்’, அதில் இருக்கிறது. சொல்லின் நேர்ப்பொருளிலேயே மிச்சத் தாளை மிதித்தெடுத்த நெல் அது. மற்ற பாட்டுகள் அடிக்கின்றன; உதிர்வது கொஞ்சம்தான்.

இன்னொரு வகையைப் போரடியில் சேர்ப்பது அநியாயம். அது மறுவிதைப்பு. க்ரியேட்டர் 90களில் வழி மாறி என்னென்னவோ முயன்றுவிட்டு 2001இல் ‘வயலன்ட் ரெவல்யூஷன்’ உடன் திரும்பியது. எக்ஸோடஸின் பழைய பாடகர் பால் பலோஃப் 2002இல் இறந்தார்; அதற்குப் பிறகு 2004இல் ‘டெம்போ ஆஃப் தி டேம்ட்’. டெஸ்டமென்ட் பாடகர் சக் பில்லி புற்றுநோயிலிருந்து மீண்டு, கிட்டார் கலைஞர் அலெக்ஸ் ஸ்கோல்னிக்கும் திரும்பி வந்து, 2008இல் ‘தி ஃபார்மேஷன் ஆஃப் டாம்னேஷன்’. நிலத்தைச் சில ஆண்டு தரிசாகப் போட்டுவிட்டுப் புதிதாக விதைத்தவர்கள் இவர்கள். நியூ ஜெர்சியின் ஓவர்கில் தரிசு போட்டதே கிடையாது, வருகிறதோ இல்லையோ உழுதுகொண்டே இருந்தது. 2010இல் அவர்கள் தந்த ‘அயர்ன்பவுண்ட்’டை 1989இன் ‘தி இயர்ஸ் ஆஃப் டிகே’ பக்கத்தில் கூச்சப்படாமல் வைக்கலாம். மெகாடெத் இரண்டுங்கெட்டான்: 2013இன் ‘சூப்பர் கொலைடர்’ பதர், 2016இன் ‘டிஸ்டோப்பியா’ நல்ல விளைச்சல். அதன் தலைப்புப் பாட்டுக்குக் கிராமி விருதும் கிடைத்தது.

நம் ஊரில் இந்தச் சண்டை எப்படி நடக்கும் என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பெட்டாலிங் ஜெயாவுக்குப் போக வேண்டும், அம்கார்ப் மாலில் கூடும் பழம்பொருள் சந்தைக்கு. ஒரு காசெட் மேசை. மஞ்சள் பூத்த பிளாஸ்டிக் பெட்டிகள். தொளதொளத்த நாடாவைப் பால்பாயின்ட் பேனாவைச் செருகிச் சுற்றிக்கொண்டே ஒரு அண்ணன் பேசுகிறார்.

“பேஸ் கிட்டார் வாசிச்ச கிளிஃப் பர்ட்டன் செத்துப்போனதோட மெட்டாலிகா முடிஞ்சிருச்சு தம்பி. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் சும்மா.”

“அண்ணே, நான் பொறந்ததே 2001லதான். எனக்கு ‘வயலன்ட் ரெவல்யூஷன்’தான் பழைய பாட்டு.”

“அது புதுசுடா!”

“எனக்கும் அதுக்கும் ஒரே வயசுண்ணே. என்னைப் புதுசும்பீங்களா?”

அண்ணன் பதில் சொல்லவில்லை. அந்தக் காசெட் எட்டு வெள்ளி என்றார். பக்கத்தில் குரோமோக்கின் காசெட் ஒன்றும் இருந்தது, விற்பனைக்கு அல்லவாம். ஆஸ்திரேலியாவில் படித்துக்கொண்டிருந்த மலேசிய மாணவர்கள் 1980களின் இறுதியில் தொடங்கிய த்ராஷ் குழு அது.

அண்ணன் பக்கமும் நியாயம் உண்டு. அவர் தலைமுறைக்கு இந்தக் குழுக்களை மேடையில் பார்ப்பது குதிரைக்கொம்பு. 2001இல் மெகாடெத்தின் கோலாலம்பூர் நிகழ்ச்சி அரசு அனுமதிக்காததால் நடக்காமலே போனது. மேடையில் பார்த்திருந்தால் புதுப் பாட்டும் பழைய பாட்டும் ஒரே கையிலிருந்து வருவதைக் கண்ணால் கண்டிருப்பார். காசெட்டோடு நின்றவருக்குக் காசெட்டில் இருப்பதுதான் இசை. அதன் இரைச்சலும் சேர்த்து. இன்றைய பதிவுகளில் டிரம் அடி ஒவ்வொன்றையும் கணினியில் நேராக்கி அடுக்கிவிடுகிறார்கள். குற்றம் சொல்ல இடமில்லை. ‘ப்ளெஷர் டு கில்’லில் டிரம் எப்போது தடம்புரளுமோ என்ற பதற்றத்தோடு கேட்டவனுக்கு அந்த நேர்த்தி உப்புச்சப்பற்றுத்தான் இருக்கும். புது ஆல்பங்களின் மேல் எனக்கு இருக்கும் பெரிய குறையும் அதுவே, நீளம் அதற்கு அடுத்துத்தான்.

எழுதும் முறை பற்றி ஒரு வார்த்தை. சொல்லின் முதலில் மெய்யெழுத்து வரக்கூடாது என்ற விதிப்படி ‘திராஷ்’ என்று எழுதுவோர் உண்டு. ‘த்ராஷ்’ என்றாலும் குடி முழுகிவிடாது. ‘ட்ராஷ்’ மட்டும் வேண்டாம். கட்டுரையின் முதல் இடத்தில் ‘கதிரடி மெட்டல் எனும் த்ராஷ்’ என்று ஒருமுறை கொடுத்துவிட்டு, அப்புறம் எது வாயில் வருகிறதோ அதையே எழுதிக்கொண்டு போகலாம். முடியை விரித்துப்போட்டுத் தலையை உலுக்கும் ஆட்டத்துக்குத் ‘தலையடி’ என்று பெயர் வைக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். அதற்குத் ‘தலையாட்டம்’ போதும். தலையடி 1986க்கு வேண்டியிருக்கிறது.