கைரேகையை எண்ணாக்கிவிட்டால் பாதுகாப்பா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் கம்பெனியில் 200 பேர். சம்பளம், விடுப்பு, வருகைப் பதிவு எல்லாவற்றுக்கும் ஒரே ஹெச்.ஆர். மென்பொருள் வாங்கப் போகிறோம். ‘கைரேகைப் படத்தை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை சார், வெறும் எண்கள்தான் சர்வரில் இருக்கும்’ என்கிறார் விற்க வந்தவர். இது போதுமா?”

போதாது. ஆனால் அவர் சொல்வது பொய்யும் இல்லை. பயோமெட்ரிக் மிஷின் நம் விரலில் ரேகைகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகப் பிரிகின்றன என்று தேடுகிறது. அப்படிப்பட்ட ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் இடத்தையும் ரேகை போகும் திசையையும் குறித்துக்கொள்கிறது. சில டஜன் புள்ளிகள், சில நூறு பைட்டுகள். இதற்கு டெம்ப்ளேட் என்று பெயர். படம் அப்போதே அழிக்கப்படலாம்.

சிக்கல் என்னவென்றால், எண்களிலிருந்து படத்துக்குத் திரும்பிவிட முடியும். இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் இதைச் செய்து காட்டினார்கள். வைத்த புள்ளிகளைப் பார்த்தே என்ன கோலம் என்று சொல்லிவிடுகிறவர்கள் நம் தெருவில் உண்டு. இங்கே புள்ளியோடு கோட்டின் திசையும் சேர்த்தே கிடைக்கிறது. அப்படி மீட்டு வரைந்த ரேகைகளைக் கைரேகை மென்பொருள்கள் பெரும்பாலும் அசல் என்றே ஏற்றுக்கொண்டன.

அப்படியானால் கடவுச்சொல்லைப் போல ஹாஷ் செய்து, அதாவது அசலை மீட்க முடியாத ஒரு குறியீடாக மாற்றி வைக்கலாமே? கடவுச்சொல்லில் ஒரு எழுத்து மாறினாலும் ஹாஷ் முழுவதும் மாறிவிடும். அதன் பலமே அதுதான். விரலோ ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நகர்ந்து, சாய்ந்து, அழுந்திப் பதிகிறது. காலையில் வைத்த விரலும் மாலையில் வைத்த விரலும் எண்ணளவில் ஒன்றாக இருக்காது. அதனால் டெம்ப்ளேட்டைத் திறந்த நிலையில்தான் ஒப்பிட்டாக வேண்டும். பூட்டி வைத்தாலும் சாவி அதே சர்வர் பக்கம் எங்கோ இருக்கும். அமெரிக்க அரசு ஊழியர்களின் விவரங்களை வைத்திருந்த பணியாளர் மேலாண்மை அலுவலகத்தில் புகுந்தவர்கள் 56 லட்சம் பேரின் கைரேகைகளை எடுத்துச் சென்றது 2015இல் தெரியவந்தது. வங்கிக் கணக்கு எண் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். விரலுக்கு என்ன செய்வது?

இந்த முடிச்சை அவிழ்க்க கணினி விஞ்ஞானிகளான அரி ஜூயல்ஸும், சென்னையில் பிறந்த மது சுதனும் 2002இல் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு புள்ளி இருந்தால் ஒரு நேர்கோடு, மூன்று இருந்தால் ஒரு பரவளையம் என்று பள்ளியில் படித்திருப்போம். அதேபோல, எட்டாம் படிப் பல்லுறுப்புக் கோவையை மீட்க ஒன்பது புள்ளிகள் போதும். கணினி தானாக ஒரு ரகசிய எண்ணைத் தேர்ந்து, அதை அந்தக் கோவையின் கெழுக்களாக மாற்றுகிறது. உதாரணத்துக்கு, ஊழியரின் 24 ரேகைப் புள்ளிகளை x மதிப்புகளாக வைத்து, கோவை தரும் y மதிப்புகளைக் கணக்கிடுகிறது. அப்புறம், அந்தக் கோவையின் கோட்டில் சேராத 224 பொய்ப் புள்ளிகளை அவற்றோடு கலந்துவிடுகிறது. சேமிப்பது இந்தக் கலவையை மட்டும்தான்.

ஊழியர் மறுநாள் விரல் வைக்கிறார். அவர் விரலுக்கு அருகில் வரும் புள்ளிகளை எடுத்தால் பெரும்பாலானவை உண்மையானவை. இடையில் இரண்டு மூன்று தவறானாலும் ரீட்-சாலமன் பிழைதிருத்த முறை சரிசெய்துவிடும். கீறல் விழுந்த சிடியும் கறைபட்ட க்யூஆர் குறியீடும் வேலை செய்வது இதே கணிதத்தால்தான். ரகசிய எண் ஒரு பிட்கூடப் பிசகாமல் வெளியே வருகிறது. விரல் தினமும் மாறுகிறது, எண் மாறுவதில்லை! பிறகென்ன, அந்த எண்ணைத் தாராளமாக ஹாஷ் செய்யலாம்.

திருடன் கையில் கலவை கிடைத்தால், சரியான ஒன்பது புள்ளிகள் அமைய அவன் சராசரியாக 600 கோடி முறைக்கு மேல் முயல வேண்டும். இன்றைய கணினிகளுக்கு இது எட்டாத தூரமில்லை. ஒரே விரலின் கலவை இரண்டு கம்பெனிகளிலிருந்து கசிந்தால் இன்னும் மோசம்: இரண்டிலும் பொருந்தும் புள்ளிகள்தான் உண்மையானவை என்று காட்டிக்கொடுத்துவிடும். இதை மேம்படுத்தும் ஆய்வுகளுக்கு, ஆதாருக்காக 100 கோடிக்கு மேற்பட்டவர்களிடம் ரேகை வாங்கிய நம் நாடு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். ஆனால் இங்கே விரல்ரேகையைப் பார்த்துக் குழந்தையின் அறிவையும் ஊழியரின் குணத்தையும் சொல்வதாகக் கிளம்பியிருக்கும் டிஎம்ஐடி சோதனைக்குப் பணம் போகிறது. அது வெறும் ரேகை ஜோசியம். அதற்காக யாருடைய கைரேகையையும் வாங்காதீர்கள்.

சரி, நீங்கள் வெண்டரிடம் என்ன கேட்க வேண்டும்? டெம்ப்ளேட் எங்கே இருக்கும் என்று கேளுங்கள். ஊழியரின் அடையாள அட்டைச் சிப்பிலேயே வைத்து, அங்கேயே ஒப்பிட்டு, சர்வருக்கு ‘ஆம்’, ‘இல்லை’ மட்டும் அனுப்பும் முறை உண்டு. மொத்தமாகத் திருட ஒரே இடத்தில் எதுவும் இருக்காது. வேலையை விட்டுப் போகிறவர் தன் ரேகையைத் தன்னோடு எடுத்துப் போகலாம். கிளவுடில்தான் வைப்போம் என்றால், அழிக்கச் சொன்னால் பேக்கப்பிலிருந்தும் எத்தனை நாளில் அழியும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வெண்டரிடம் கசிந்தாலும் பொறுப்பு உங்கள் நிறுவனத்துக்குத்தான். அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

இன்னொன்றும் யோசியுங்கள்: வருகைப் பதிவுக்கு விரல் தேவையா? பிரிட்டனில் 38 பொழுதுபோக்கு மையங்களில் வேலை செய்த 2,000க்கும் மேற்பட்டவர்களின் முகத்தையும் விரலையும் வருகைப் பதிவுக்காக வாங்கிய சர்கோ லீஷர் நிறுவனத்தை, அதை நிறுத்தும்படி அந்நாட்டுத் தகவல் ஆணையர் 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டார். அட்டை தேய்த்தாலே முடிகிற வேலை என்பதுதான் காரணம். 200 பேர் உள்ள உங்கள் கம்பெனிக்கும் அட்டையே போதும் என்பது என் கருத்து.