விரால் மூச்செடுக்கும் இடத்தில் எண்ணெய்ப் படலம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடுகிறது. எனவே இங்குள்ள நன்னீர் மீன்கள் பெரும்பாலும் குளங்களை நம்பியே வாழ்கின்றன. வீதியிலும் கராஜ் முற்றத்திலும் சிந்திய ஒயிலை மாரியின் முதல் மழை கழுவி, அதே குளங்களில் கொண்டுவந்து சேர்க்கிறது.

நன்னீர் மீன் வளர்ப்பு ஆலோசனைப் பணியில் இருக்கும் எனக்கு, "குளத்திலே மீன் மிதக்குது" என்ற அழைப்பு அதிகாலையிலேதான் வரும், ஏனெனில் நீரில் ஒட்சிசன் மிகக் குறைவது விடியற்புறத்தில்தான். அங்கு சென்றதும் இறந்த மீனின் செவுள் மூடியை உயர்த்திப் பார்ப்பேன். எண்ணெய் பட்ட செவுள் சளி படிந்து வெளிறியிருக்கலாம்; ஆயினும் வேறு நோய்களிலும் அவ்வாறு வெளிறும் என்பதால், நீரின் மேற்பரப்பைப் பார்க்காமல் நான் முடிவு சொல்வதில்லை.

ஒட்சிசன் குறைந்த சேற்று நீரிலும் பிழைக்கும் மீன் என்று நாம் நம்பும் விராலுக்குத்தான் நீரின்மேல் படரும் இந்த எண்ணெய்ப் படலம் பெரும் ஆபத்து. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. அது அடிக்கடி மேலே வந்து வாயால் காற்றை விழுங்கியாக வேண்டும். அவ்வாறு வரும்போதெல்லாம் அது எண்ணெயையும் சேர்த்து விழுங்கக்கூடும். அதன் முட்டைகளும் மேற்பரப்பில் மிதப்பவை. பொரித்த செந்நிறக் குஞ்சுகளும் தாய் தந்தையின் காவலில் அங்கேயே திரளாகத் திரிகின்றன. எண்ணெயிலுள்ள பல்வளைய நறுமண ஐதரோகாபன்கள் என்னும் நச்சுச் சேர்மங்கள் கருவிலேயே இதயத்தின் வளர்ச்சியைக் கெடுக்கக்கூடியவை என்பது, அலாஸ்காவில் 1989இல் எண்ணெய்க் கப்பல் தரைதட்டிய பின் நடந்த ஆய்வுகளில் தெளிவாயிற்று. வெயில் பட்டால் இச்சேர்மங்களில் சிலவற்றின் நச்சுத்தன்மை மேலும் கூடும். எமது ஆழமற்ற குளங்களில் குஞ்சுகளுக்கு ஒதுங்க நிழலும் குறைவு.

வளர்ந்த மீன் இச்சேர்மங்களை ஈரலில் சிதைத்துப் பித்தத்தின் வழியே வெளியேற்றும். ஆனால் மாதக்கணக்கில் அந்த வேலை தொடர்ந்தால் ஈரலே பழுதடையும்.

பாவித்த எஞ்சின் ஒயிலை வாய்க்காலில் ஊற்றாமல் மூடியுள்ள கலனில் சேர்த்துவையுங்கள். உழவு இயந்திரத்தைக் குளக்கரையில் கழுவாதீர்கள். படலம் கண்டால் சவர்க்காரத்தூள் தூவவே வேண்டாம். அது எண்ணெயைத் துளிகளாக உடைத்து நீருக்குள் இறக்கிவிடும். சவர்க்காரமும் தன் பங்குக்குச் செவுளை அரிக்கும். காற்று எண்ணெயை ஒதுக்கிய கரையில் வைக்கோல் கட்டுகளை மிதக்கவிட்டால் அவை எண்ணெயை ஓரளவு உறிஞ்சும். ஊறிய வைக்கோலைக் கரையில் குவித்துவைத்தால் அடுத்த மழையில் எண்ணெய் மீண்டும் குளத்துக்கே வரும் என்பதால், அதை அன்றே அகற்றிவிட வேண்டும்.