பல் பிடுங்கிய குழிக்குள் என்ன நடக்கிறது?

வேர் இருந்த குழியில் ரத்தம் நிரம்பி, கொஞ்ச நேரத்தில் உறைந்துவிடுகிறது. ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, ஃபைப்ரின் என்ற புரத இழைகள் அவற்றைச் சுற்றி வலை பின்னுகின்றன. டாக்டர் பஞ்சை வைத்து அரை மணி நேரமாவது அழுத்திக் கடிக்கச் சொல்வது இதற்காகத்தான். ரத்தம் நின்றுவிட்டதா என்று பஞ்சை அடிக்கடி எடுத்துப் பார்த்தால், உறைந்த ரத்தமும் அதோடு பிய்ந்து வரும்.

முதல் 24 மணி நேரம் இந்த ரத்தக்கட்டியைக் காப்பாற்றுவது மிக முக்கியம். கொப்பளிக்கக் கூடாது, துப்பக் கூடாது, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது என்பதெல்லாம் கட்டி பெயர்ந்துவிடாமல் இருக்கத்தான். எச்சிலில் கலந்த துளி ரத்தம்கூட வாய் நிறைய ரத்தமாகத் தெரியும். பயந்துபோய்த் துப்பிக்கொண்டே இருக்காதீர்கள். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்பு நீரால், அலசாமல், மெதுவாகக் கொப்பளிக்கலாம்.

கட்டி போய்விட்டால் தாடை எலும்பு வெளியே தெரியும். இதை 'டிரை சாக்கெட்' என்பார்கள். கீழ்த்தாடை ஞானப்பல்லை எடுத்தவர்களுக்கு இது அதிகம் வருகிறது. புகைப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். இதன் அடையாளம் வலி வரும் நேரம். சாதாரண வலி நாளுக்கு நாள் குறையும். இதுவோ குறைந்துவந்த வலியை மூன்றாம் நாள் வாக்கில் திருப்பிக் கொண்டுவரும், காதுவரை இழுக்கும், வாயும் நாறும். மாத்திரையைக் கூட்டிப் பார்க்காமல் டாக்டரிடம் போங்கள். குழியைக் கழுவி மருந்து வைத்தால் பெரும்பாலும் சீக்கிரமே ஆறுதல் கிடைக்கும். வீக்கத்தைப் பார்த்து மட்டும் கலங்க வேண்டாம்; அது இரண்டு மூன்று நாள் கூடிவிட்டுத்தான் வடியும். அதற்குப் பிறகும் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, அழுத்திக் கடித்தும் ரத்தம் நிற்காவிட்டாலோ காத்திருக்கக் கூடாது.

சில நாளில் குழியின் மேல் வெளிர் மஞ்சளாக ஒரு படலம் தெரியும். பலர் இதைச் சீழ் என்று நினைத்துச் சுரண்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது ஃபைப்ரின்தான், தயவுசெய்து தொடாதீர்கள். அதன் அடியில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் நிறைந்த புதுத்திசு வளர்ந்து, கட்டி இருந்த இடத்தைப் பிடிக்கிறது. ஓரங்களிலிருந்து ஈறும் நகர்ந்து வந்து, சில வாரங்களில் குழியின் வாயை மூடிவிடும்.

உள்ளே எலும்பு நிரம்பத்தான் மாதங்கள் பிடிக்கும். அதே சமயம், கடிக்கும் விசை இல்லாததால் தாடை விளிம்பு அகலத்தில் சுருங்குகிறது. முதல் மூன்று மாதங்களில்தான் இது வேகம். பின்னால் இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்கும் யோசனை இருந்தால், பல்லைப் பிடுங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.