ஸ்போர்ட்ஸ் செடான்: பந்தயத்துக்கு வந்த பல்லக்கு

‘ஸ்போர்ட்ஸ் செடான்’ என்பதைச் சிலர் ‘விளையாட்டு மகிழுந்து’ என்று எழுதுகிறார்கள். சாவி கொடுத்தால் ஓடும் பொம்மைக் காரோ, ஆட்டக்காரர்களை மைதானத்துக்கு ஏற்றிச் செல்லும் வண்டியோதான் அதைப் படித்ததும் மனத்தில் எழும். உண்மையில் அந்தப் பெயருக்குரிய வண்டி வேறு. நான்கு கதவுகள், ஐந்து பேர் அமர இடம், பின்னால் பெட்டிகளுக்குத் தனி அறை என்று பார்வைக்கு எல்லாமே குடும்பக் கார். எஞ்சினும் பிரேக்கும் சஸ்பென்ஷனும் மட்டும் பந்தயத் தடத்தை நினைத்துச் செய்யப்பட்டவை.

செடான் என்ற சொல் காரைவிட ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டு மூத்தது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், உள்ளே ஒருவர் அமர்ந்திருக்க, முன்னும் பின்னும் இருவர் தண்டுகளைப் பிடித்துத் தூக்கிச் சென்ற மூடிய நாற்காலிக்கு அந்தப் பெயர். லண்டனில் அவற்றை வாடகைக்கு விடும் தனியுரிமையை 1634இல் சர் சாண்டர்ஸ் டன்கம் பெற்றார். பெயரின் வேர் இன்னும் உறுதியாகவில்லை. ‘உட்கார்’ எனப் பொருள்படும் லத்தீன் ‘செடெரே’யோடு இணைப்போர் உண்டு. பிரான்சில் செடான் என்றே ஓர் ஊர் இருப்பதால் அங்கிருந்து வந்தது என்ற கதையும் உலவுகிறது. பெயர் ஒத்துப்போவதைத் தவிர அதற்கு வலுவான சான்று கிடையாது.

தொடக்ககாலக் கார்களில் பெரும்பாலானவை கூரையற்றவை. நிலையான கூரையும் கண்ணாடியும் கொண்டு மூடிய காருக்கு, அந்தப் பழைய நாற்காலியின் பெயரை அமெரிக்காவின் ஸ்டூடிபேக்கர் நிறுவனம் 1912இல் சூட்டியது. பிரிட்டன் இதே வண்டியைச் ‘சலூன்’ என்கிறது, ஜெர்மனி ‘லிமோசின்’ என்கிறது. பிரெஞ்சுக்காரர்களின் ‘பெர்லீன்’ என்ற பெயர் பெர்லின் நகரத்துக் குதிரை வண்டியிலிருந்து வந்தது.

‘ஸ்போர்ட்’ பழைய பிரெஞ்சின் ‘தெஸ்போர்ட்’ என்பதன் குறுக்கம். மனத்தை அன்றாட அலுவலிலிருந்து அப்பால் கொண்டுசெல்வது, அதாவது களிப்பு என்பதே அதன் முதற்பொருள். பந்தும் மட்டையும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. மகிழுந்து என்ற சொல்லுக்குள் ‘மகிழ்’ ஏற்கெனவே இருக்கிறது. அதன்முன் ‘விளையாட்டு’ என்று சேர்ப்பது கூறியதையே கூறுவதாகும்.

கூரையற்ற இருவர் காருக்குத்தான் ‘ஸ்போர்ட்ஸ்’ என்ற அடைமொழி நெடுநாள் பொருந்தி வந்தது. மூடிய, கனத்த செடான் அதற்கு நேர் எதிர். இந்த முரணை விளம்பரமாகவே மாற்றியது இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ. 1950இல் வந்த அதன் 1900 மாடலுக்குப் ‘பந்தயங்களில் வெல்லும் குடும்பக் கார்’ என்று பெயர் வாங்கிக் கொடுத்தார்கள். பிரிட்டனில் 1959இல் வந்த ஜாகுவார் மார்க் 2, 3.8 லிட்டர் எஞ்சினோடு மணிக்கு 200 கிலோமீட்டரைத் தொட்டது. கொள்ளையர்கள் தப்பியோட அதை விரும்பினார்கள். துரத்துவதற்குக் காவல்துறையும் அதையே வாங்கியது. 1968இல் மெர்சிடிஸ் பொறியாளர் எரிக் வாக்ஸன்பெர்கரின் முயற்சியால், அரசுத் தலைவர்கள் பயணம் செய்த பெரிய 600 மாடலின் 6.3 லிட்டர் எஞ்சின், 300 எஸ்இஎல் என்ற செடானுக்குள் புகுந்தது. ஜப்பானில் 1969இல் வெளியான முதல் நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் நான்கு கதவு செடான்தான் என்பது அதன் பின்வந்த இருகதவுக் கூபேக்களை மட்டும் கண்டவர்களுக்கு வியப்பளிக்கும்.

எண்பதுகளில் இந்த வகை முழு வளர்ச்சி அடைந்ததற்குப் பந்தய விதியும் ஒரு காரணம். ‘குரூப் ஏ’ பிரிவில் ஓட வேண்டுமென்றால் அந்த மாடலைப் பன்னிரண்டு மாதங்களில் 5,000 எண்ணிக்கை தயாரித்திருக்க வேண்டும். ஆகவே பந்தயக் காரின் உறுப்புகள் பொதுமக்களின் கைக்கு வந்தன. பந்தய எஞ்சின்களுக்குப் பேர்பெற்ற பிரிட்டிஷ் நிறுவனம் காஸ்வொர்த் வடிவமைத்த சிலிண்டர் தலையோடு வந்த மெர்சிடிஸ் 190 ஈ 2.3-16, இத்தாலியின் நார்தோ வட்டச் சோதனைத் தடத்தில் 1983இல் 50,000 கிலோமீட்டர் தூரத்தை மணிக்குச் சராசரி 247 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் கடந்தது. 1985இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5, எம்1 என்னும் சூப்பர் காரிலிருந்து பிறந்த 3.5 லிட்டர் எஞ்சினைச் சுமந்தது: 286 குதிரைத்திறன். வெளித்தோற்றத்திலோ சாதாரண ‘5 சீரிஸ்’ காரிலிருந்து அதைப் பிரித்தறிவது கடினம். எனக்கு இந்த வகையின் இலக்கணமே இந்த மறைப்புதான். முதுகில் பெரிய இறக்கையை மாட்டிக்கொண்டு நிற்பவை என்னைக் கவர்வதில்லை.

மறைப்புக்கென்றே ஆங்கிலத்தில் ‘க்யூ கார்’ என்று ஒரு பெயர் உண்டு. முதல் உலகப்போரில் பிரிட்டன் சரக்குக் கப்பல்போல் வேடமிட்டுப் பீரங்கிகளை உள்ளே ஒளித்துவைத்த போர்க்கப்பல்களை அனுப்பியது. நீர்மூழ்கிகளை ஏமாற்றி அருகே வரவழைக்கும் அந்த ‘க்யூ’ கப்பல்களின் பெயர்தான் கார்களுக்கும் வந்தது.

தமிழில் இந்த வண்டியை எப்படி அழைப்பது என்பதற்கு வருவோம். ‘உயர் செயல்திறன் செடான்’ பொருளில் சரி. ஆனால் கணினி விளம்பரத்தின் வாடை அடிக்கிறது. புறநானூறு விரைந்தோடும் தேரைக் ‘கடுந்தேர்’ என்கிறது. அழகான அடைமொழி, ஆனால் ‘கடு’ என்றால் இன்று கடுமைதான் நினைவுக்கு வரும், வேகம் வராது. ‘விரை’ பிழைத்திருக்கிறது, விரைவு ரயிலும் விரைவுப் பேருந்தும் அதற்குச் சாட்சி. செடான் மூடிய நாற்காலி என்றால், மனிதர் தோள்மேல் சென்ற நம் ஊர்தியின் பெயர் சிவிகை. 37ஆம் குறளில் வரும் அதே சிவிகை. வடமொழிச் ‘சிபிகை’யோடு உறவுடையது என்று சிலர் முகம் சுளிக்கலாம். பல்லக்கும் வடமொழி உறவுடையதுதான்.

இரண்டையும் சேர்த்தால் ‘விரைசிவிகை’. ஆமை வேகப் பல்லக்கும் பாய்ச்சலும் ஒரே சொல்லில் மோதிக்கொள்கின்றன; மூலத்திலும் அதே மோதல் இருப்பதால் இதை நான் பரிந்துரைக்கிறேன். முதன்முறை ‘ஸ்போர்ட்ஸ் செடான் என்னும் விரைசிவிகை’ என்று எழுதிவிட்டுப் பிறகு சொல்லைத் தனியே ஆளலாம். சாதாரண செடானைச் சிவிகை என்று அழைக்க வேண்டியதில்லை, அதற்குச் சீருந்து போதும். இருகதவுக் கார்களுக்கும் இந்தப் பெயர் பொருந்தாது. 1986இல் வந்த முதல் பிஎம்டபிள்யூ எம்3 எவ்வளவு வேகமாக ஓடினாலும் பட்டியலுக்கு வெளியேதான். இன்னொன்று: இது வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது. ‘விரைச்சிவிகை’ என்று எழுதினால் மணம் வீசும் பல்லக்கு ஆகிவிடும்.