கவுன்சிலர் வேறு, மெம்பர் வேறு

தமிழ்நாட்டுக் கிராமத்தில் ‘கவுன்சிலர்’ என்றால் ஒருவர், ‘மெம்பர்’ என்றால் இன்னொருவர். இருவரும் வார்டில் ஓட்டு வாங்கி வந்தவர்கள்தான். ஆனால் போய் உட்காரும் மன்றம் வேறு வேறு. “குடிநீர்ப் பிரச்சினை: கவுன்சிலர்கள் வாக்குவாதம்” என்று ஒரு தலைப்பைப் பார்த்தால், எந்தக் கவுன்சிலர்கள், எந்தக் கூட்டத்தில் என்று கேட்காமல் செய்தி பாதிதான் விளங்கும். சொல் அவ்வளவு பொதுவாகப் போய்விட்டது.

முதலில் சொல்லின் பிறப்பு. ‘கவுன்சில்’ ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனில் ‘கொன்கிலியும்’ என்றால் கூட்டம், அவை. ஒன்றாக அழைப்பது, கூட்டுவது என்பது அதன் வேர்ப்பொருள். அதோடு ஒட்டிப் பிறந்தது போல ‘கொன்சிலியும்’ என்று இன்னொரு சொல்லும் உண்டு. அதற்குப் பொருள் ஆலோசனை. ஆங்கிலத்தில் இந்த இரண்டும் நெடுங்காலம் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்தன. அவையில் இருப்பவருக்கும் ஆலோசனை சொல்பவருக்கும் எழுத்து பிரிந்ததே பிற்பாடுதான். உச்சரிப்பு இன்றும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்தக் குழப்பம் அப்படியே தமிழுக்கும் வந்து சேர்ந்தது. மனநல ஆலோசகரைக் ‘கவுன்சிலர்’ என்கிறோம், வார்டுக்காரரையும் ‘கவுன்சிலர்’ என்கிறோம். பொறியியல் சேர்க்கைக்குப் போவது ‘கவுன்சிலிங்’. அதற்குக் ‘கலந்தாய்வு’ என்ற நல்ல சொல் நிலைத்துவிட்டது. வார்டுக்காரருக்கு மட்டும் ‘ஆலோசகர்’ என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. அவர் வேலை யோசனை சொல்வது மட்டுமில்லை. கேள்வி கேட்பது, தீர்மானத்துக்கு ஓட்டுப் போடுவது, வேண்டாம் என்றால் எதிர்ப்பைப் பதிவு செய்வது, எல்லாம் அவர் வேலை.

ஆட்சிச் சொல்லாக இது ஊன்றியது நகரத்துச் சட்டங்களில். 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் நகர்மன்றத்தில் இருப்பவர்களைக் கவுன்சிலர் என்றே குறித்தது. கிராமப்புறத்தில் பேச்சுவழக்கு வேறு மாதிரி பிரிந்தது. இப்போது நடப்பில் உள்ள தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994ஆம் ஆண்டினுடையது. அரசியலமைப்பின் 73ஆவது திருத்தத்தை ஒட்டி வந்தது. அதன்படி கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என்று மூன்று அடுக்கு. ஒன்றியத்தில் ஏறக்குறைய 5,000 பேருக்கு ஓர் உறுப்பினர், மாவட்ட ஊராட்சியில் 50,000 பேருக்கு ஓர் உறுப்பினர் என்பது கணக்கு.

ஊர்க்காரர்கள் இதை வாக்குச்சீட்டின் நிறத்தில் அறிந்திருக்கிறார்கள். ஒரே நாளில் கையில் நான்கு சீட்டு. பொதுவாக, ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். வெள்ளைச் சீட்டில் ஜெயித்தவர் ‘மெம்பர்’. இளஞ்சிவப்பில் ஜெயித்தவர் ‘பிரசிடெண்ட்’ அல்லது ‘தலைவர்’. பச்சையில் ஜெயித்தவரைத்தான் ‘கவுன்சிலர்’ என்பார்கள், முழுதாகச் சொன்னால் ‘ஒன்றியக் கவுன்சிலர்’. அவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பவர் ‘சேர்மன்’. வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் கட்சிச் சின்னம் கிடையாது. பச்சையிலும் மஞ்சளிலும் உண்டு. ஒன்றியக் கூட்டங்களில் கட்சிச் சண்டை மூள்வதும், ஊராட்சிக் கூட்டங்களில் சண்டை மூண்டால் அது தெருச் சண்டையாகவோ சொந்தக்காரர் சண்டையாகவோ இருப்பதும் இதனால்தான்.

பதவிகளில் பாதி இப்போது பெண்களுக்கு. ஆனாலும் ‘கவுன்சிலர் வந்திருக்கார்’ என்று சொல்லி, வந்து நிற்பவர் கவுன்சிலரின் கணவராக இருக்கும் ஊர்கள் இல்லாமல் இல்லை. சொல் பதவியை விட்டு ஆளைத் தொற்றிக்கொள்ளும்போது இப்படி ஆகிறது. பதவி போனபிறகும் ஊரில் அவர் ‘கவுன்சிலர்’தான், ‘முன்னாள்’ என்பது போஸ்டரில்கூடச் சின்ன எழுத்தில்தான் வரும்.

சரி, யார் எதைக் கேட்க முடியும்? தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்திருக்கிறது, சுடுகாட்டுக்குப் பாதை இல்லை: இவை பெரும்பாலும் கிராம ஊராட்சியின் பொறுப்பு. மெம்பரைப் பிடிக்க வேண்டும். மெம்பருக்கு என்ன அதிகாரம் என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். மெம்பர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் துணைத் தலைவரும் தலைவரோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் ஊராட்சிக் காசோலை செல்லும். ஊருக்கு ஊர் போகும் ஒன்றியச் சாலை, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் ஓடு பெயர்ந்த கட்டடம் போன்றவற்றுக்குப் போக வேண்டிய இடம் கவுன்சிலர் வீடு. அவர் அதை ஒன்றியக் குழுக் கூட்டத்தில் எழுப்புவார். கூட்டத்துக்கு முன்பே பொருள் நிரல் கைக்கு வந்துவிடும். ‘மன்றத்தின் பார்வைக்கு’, ‘மன்றத்தின் அனுமதிக்கு’ என்று ஒவ்வொரு பொருளும் முடியும். பார்வைக்கு என்றால் தகவல். அனுமதிக்கு என்றால்தான் இவர்கள் ஒப்புதல் தேவை. அனுபவமுள்ள கவுன்சிலர் முதலில் அந்தக் கடைசி வரியைத்தான் பார்ப்பார்.

கிராம சபை இந்தக் கணக்கில் சேராது. அங்கே பேச எந்தப் பதவியும் வேண்டாம், ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் போதும். அதைக் ‘கவுன்சில் கூட்டம்’ என்று எழுதுவது தப்பு.

இனி, தமிழில் என்ன சொல்வது? அரசு ஏற்கெனவே பிரித்துத்தான் வைத்திருக்கிறது. மாநகராட்சியில் மாமன்ற உறுப்பினர், நகராட்சியில் நகர்மன்ற உறுப்பினர், ஊராட்சியில் ஊராட்சி மன்ற உறுப்பினர், ஒன்றியத்தில் ஊராட்சி ஒன்றியக் குழு உறுப்பினர். கடைசியது வாய்க்குள் அடங்காது என்பது உண்மைதான். ‘ஒன்றிய உறுப்பினர்’ என்று சுருக்கினாலும் பொருள் கெடாது. இந்தப் பெயர்களில் நான் காணும் நன்மை, எந்த மன்றம் என்பது சொல்லிலேயே இருப்பது. லத்தீன் வேர் சொன்ன ‘கூட்டம்’ என்ற பொருளுக்கு ‘மன்றம்’ மிகச் சரியாகப் பொருந்துகிறது. சங்க இலக்கியத்திலேயே ஊரார் கூடும் பொதுவிடம் மன்றம்தான்.

பழைய சொல் வேண்டும் என்பவர்கள் காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூரைக் காட்டுவார்கள். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று குழுக்கள் வருகின்றன. அவற்றில் இருப்பவர்கள் ‘வாரியப் பெருமக்கள்’. கணக்குக் காட்டாமல் போனவர் பெயரை, குடத்தில் போட்டு எடுக்கும் குடவோலையில் எழுதக் கூடாது என்ற விதியும் உண்டு. ஆனால் அது நிலமும் வேதக் கல்வியும் தகுதியாகக் கேட்ட பிராமணர் ஊரின் சபை. வெள்ளைச் சீட்டில் ஜெயித்து வந்த மெம்பருக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. போதாததற்கு வாரியம் இன்று மின்வாரியத்துக்குப் போய்விட்டது.

இலங்கைத் தமிழர்கள் இந்தத் தொல்லையை வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டார்கள். அங்கே பிரதேச சபை உறுப்பினர், சேர்மனுக்குத் தவிசாளர், வார்டுக்கு வட்டாரம். நம் பக்கம் உறுப்பினர் வரைக்கும் தமிழாக்கிவிட்டு வார்டில் நின்றுவிட்டோம். வட்டம் என்று சொல்லலாமென்றால் அது தாலுகாவுக்குப் போயிற்று. வட்டாரம் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர் வந்து நிற்கிறார். உத்திரமேரூர்க் கல்வெட்டு ஊரை 30 ‘குடும்பு’களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஆள் எடுத்தது. வார்டுக்கு அச்சாக அதே பொருள். குடும்பு உறுப்பினர் என்று எழுதினால் குடும்ப அட்டைக்காரர் என்று படித்துவிடுவார்களோ என்ற ஒரு தயக்கம்தான் பாக்கி.