பட்டாக்காடு: சொல் விளக்கம்

பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ ஒரு வீட்டில் "அவரு காட்டுக்குப் போயிருக்காரு" என்று பதில் வந்தால், ஆள் கேழ்வரகுக் கொல்லையிலோ மாந்தோப்பிலோ இருக்கிறார் என்று பொருள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் காடு என்றால் மானாவாரி நிலம். மரம் அடர்ந்து யானை திரியும் இடத்தை மலை என்பார்கள், ஃபாரஸ்ட் என்பார்கள், ரிசர்வ் என்பார்கள். அதனால் 'பட்டாக்காடு' என்ற சொல் உழவர் வாயில் வந்தால் பட்டா உள்ள புன்செய். வனத்துறை அலுவலர் வாயில் வந்தால், பட்டா தனியார் பேரில் இருந்தும் இயல்பில் வனமாகவே நிற்கும் நிலம். அந்த நிலத்தில் மரம் வெட்ட அனுமதி கேட்க வேண்டுமா, யாரிடம் கேட்க வேண்டும் என்பது, இந்த இரண்டில் எது என்பதைப் பொறுத்தது.

முதல் பாதியைப் பார்ப்போம். 'பட்ட' என்பது வடமொழியில் பலகை, தகடு. அரசன் கொடையைச் செம்பில் வெட்டிக் கொடுத்ததால் அது பட்டயம் ஆயிற்று. நெற்றியில் கட்டிய பொன் தகடு பட்டம் ஆயிற்று. 'பட்டா' என்ற நெடில் வடிவம் இந்துஸ்தானி வழியாக வருவாய்க் கணக்கில் நுழைந்தது. பட்டாதார் என்பதில் உள்ள 'தார்' பாரசீக ஒட்டு.

இந்தச் சொல் இன்றைய பொருளில் வேர் பிடித்ததில் நம் மண்ணுக்குத் தனிப் பங்கு உண்டு. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் (நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தின் பழைய பெயர்) கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்குப் போனதும், அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, உழவரிடமே நேராகத் தீர்வை வாங்கும் முறையை இங்கேதான் சோதித்துப் பார்த்தார்கள். அதுதான் பின்னாளில் ரயத்துவாரி ஆனது. இன்னார் இந்த நிலத்தை வைத்திருக்கிறார், இவ்வளவு தீர்வை கட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்த தாள் பட்டா. அது நிலத்துக்கும் தீர்வைக்கும் எழுதப்பட்டது. நிலத்தில் நிற்கும் மரத்தை என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்ற உத்தரவு அந்தத் தாளில் இல்லை. புறம்போக்கில் நிற்கும் புளியமரத்துக்குத் தரும் 2சி பட்டாவைப் பாருங்கள்: காயைப் பறித்து அனுபவிக்கலாம்; நிலம் அரசுடையது, மரத்தை வெட்டவும் முடியாது. ஒரே சொல், இரண்டு வேறு உரிமைகள்.

இனி காடு. முல்லையைக் காடும் காடு சார்ந்த இடமும் என்றே சொல்லி வந்திருக்கிறோம். அந்த முல்லையில்தான் வரகும் சாமையும் விளைந்தன, ஆநிரை மேய்ந்தது. உழுத நிலமும் உழாத நிலமும் ஒரே பெயருக்குள் இருந்தன. மானாவாரியைக் காடு என்கிற நம் வழக்கைக் கொச்சை என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது. அது பழைய பொருளின் தொடர்ச்சி.

சட்டத்துக்கு அந்த நெகிழ்வு கிடையாது. ஜமீன்களையும், அவற்றைப் போன்ற மிட்டாக்களையும் ஒழிக்கும் சட்டம் 1948-ல் வந்தது. நிலம் கைவிட்டுப் போகுமுன் அதில் நிற்கும் மரத்தை உடைமைக்காரர்கள் காசாக்கிவிடும் ஆபத்து இருந்தது. அதைத் தடுக்க 1949-ல் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வரைமுறையற்ற அழிவைத் தடுப்பதோடு, அந்தக் காடுகளில் மக்களுக்கு இருந்த வழக்காற்று உரிமைகளில் கைவைப்பதைத் தடுப்பதும் தன் நோக்கம் என்று அதன் முகப்புரை சொல்கிறது. இந்த இரண்டாம் பகுதியை யாரும் எடுத்துப் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். இன்று அச்சட்டத்தின் கீழ் வரும் காட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ, மரம் வெட்டவோ, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் முன் அனுமதி வேண்டும். பட்டுப்போன மரத்தையும் விழுந்த மரத்தையும் எடுக்கலாம். வீட்டுத் தேவைக்கும் ஏர், நுகத்தடி போன்ற உழவுக் கருவிக்கும் வழக்கப்படி வெட்டலாம்.

1996 டிசம்பர் 12 அன்று, காடுகளைக் காக்கக் கோரிய கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. காடு என்பதற்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும், உரிமையாளர் யார் என்பது பொருட்டல்ல என்றது. அகராதியில் காடு வனம். அஞ்செட்டியில் காடு சோளக்கொல்லை. தீர்ப்பைத் தமிழில் எடுத்துச் சொல்பவர் 'காடு' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டால், மானாவாரி உழவர் தன் வேப்பமரத்துக்கும் வழக்கு வருமோ என்று அஞ்சுவார். மலைச்சரிவில் பெரும்பரப்பு வாங்கிப் போட்டவரோ "இது எங்க காடு" என்று உழவர் சொல்லுக்குள் ஒளிந்துகொள்வார். தளி, ஜவளகிரி, அஞ்செட்டிப் பக்கம் காப்புக்காட்டை ஒட்டிக் கிடக்கும் தனியார் நிலங்களும் யானை நடக்கும் தடம்தான். அங்கே இந்தக் குழப்பத்தை நீடிக்க விடக்கூடாது.

சந்தனம் தனிக் கதை. பட்டா நிலத்தில் முளைத்தாலும் அது அரசு மரம் என்றிருந்தது. 2002-ல் சட்டம் திருத்தப்பட்டு நில உரிமையாளருக்கே உரியதானது. ஆனாலும் வெட்டி விற்பது வனத்துறை வழியாகத்தான்.

சரியான தமிழ் எது? பட்டாவுக்கு 'நிலவுரிமைச் சான்று' பொருந்தும்; ஈழத்தில் காணிப் பத்திரத்தை 'உறுதி' என்பது அழகு, ஆனால் அது கிரயப் பத்திரத்துக்கு நெருக்கமானது. சோழர் கல்வெட்டுகளில் வரும் 'ஆவணம்' இப்போது எல்லாப் பத்திரத்துக்கும் பொதுவாகிவிட்டது. வனப்பொருளில் வரும் பட்டாக்காட்டுக்கு 'தனியார் வனம்' என்பதே என் தேர்வு. 'தனியார் காடு' என்பதில் பழைய குழப்பம் அப்படியே தங்கும். 'வனம்' வடசொல்தானே என்பார்கள். வடசொல்தான், ஆனால் எங்கள் ஊர்களில் அதைக் கேட்டு யாரும் கேழ்வரகுக் கொல்லையை நினைப்பதில்லை. உழவரின் பட்டாக்காட்டுக்குப் புன்செய், கொல்லை, மேட்டுக்காடு என்று ஏற்கெனவே சொற்கள் இருக்கின்றன. கிராம சபைத் தீர்மானத்தில் எழுதும்போது புல எண்ணோடு 'புன்செய்' அல்லது 'தனியார் வனம்' என்று பிரித்தே எழுதலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாடும், சாகுபடிக் கணக்கான அடங்கலில் அதில் நிற்கும் மரங்களும் பதிவாகியிருக்கும்.