இழுப்பறையில் இருந்த கடிகாரம் ஏன் முந்தி ஓடுகிறது?

விலையுயர்ந்த மெக்கானிக்கல் கைக்கடிகாரம் ஒன்றைச் சில மாதங்கள் இழுப்பறையில் வைத்திருந்த வாசகர், இப்போது அது நாளொன்றுக்கு ஏழு நிமிடம் முந்துவதாகவும், உள்ளே எண்ணெய் உலர்ந்துவிட்டதா என்றும் கேட்டிருக்கிறார். எண்ணெய் கெட்டாலும் நேரம் பிசகும். ஆனால் இவ்வளவு முந்தும் கடிகாரத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது காந்தத்தைத்தான். ஒலிபெருக்கி, டேப்லெட்டின் உறை, கைப்பையின் கொக்கி எனக் காந்தம் எங்கும் இருக்கிறது. சில கடிகாரப் பெட்டிகளின் மூடியே காந்தத்தால்தான் மூடிக்கொள்கிறது.

முறுக்கேறிய முதன்மைச் சுருள்வில் பற்சக்கரங்களைத் தள்ள, அந்த விசையைச் சமநிலைச் சக்கரத்தின் ஊசலாட்டம் சிறிது சிறிதாக விடுவிக்கிறது. அச்சக்கரத்தை மீண்டும் மீண்டும் நடுநிலைக்கு இழுப்பது தலைமுடி போன்ற மெல்லிய சுருள் ஒன்று. அதில் காந்தமேறினால் அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய பகுதி வளைந்து கொடுக்காததால், சுருளின் பயனுறு நீளம் குறைந்து விறைப்பு கூடுகிறது. சக்கரம் ஒருமுறை ஊசலாடி முடிக்கும் நேரமான அலைவுக்காலம் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், நீளம் 1 சதவீதம் குறைந்தாலே அலைவுக்காலம் அரை சதவீதம் குறையும். 86,400 விநாடிகள் கொண்ட நாளில் அது ஏறத்தாழ 432 விநாடி, அதாவது வாசகர் சொல்லும் அதே ஏழு நிமிடம்.

இச்சுருளுக்கு ஏற்ற நிக்கல்-இரும்புக் கலவைக்கு வழிவகுத்தவர் ஷார்ல் எதுவார் கியோம். பாரிஸுக்கு அருகிலுள்ள சர்வதேச எடை அளவைப் பணியகத்தில், மீட்டர் அளவுகோலுக்கு மலிவான உலோகம் தேடப் போனவர், வெப்பநிலை மாறினாலும் மீள்தன்மை மாறாத எலின்வார் என்ற கலவையை உருவாக்கினார். இக்கலவைகள் பற்றிய ஆய்வுக்காக 1920இல் இயற்பியல் நோபல் பரிசும் பெற்றார். உடனடிப் பயன் என்னவென்று கேட்டே நிதி ஒதுக்குவோர் இதை ஒருமுறையேனும் படிக்க வேண்டும். அவ்வகைக் கலவைகளில் இரும்பு இருப்பதால் காந்தம் ஏற வாய்ப்புண்டு. அதனால்தான் 1950களில் சில நிறுவனங்கள் இயந்திரத்தைச் சுற்றித் தேனிரும்புக் கவசம் வைத்தன. இன்றைய சிலிக்கான் சுருளில் அந்தச் சிக்கலே இல்லை.

ஏறிய காந்தத்தை இறக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. மாறுதிசை மின்னோட்டம் பாயும் கம்பிச்சுருளின் மேல் கடிகாரத்தை வைத்தால், உலோகத்தின் நுண்காந்தப் பகுதிகள் விநாடிக்குப் பலமுறை இப்புறமும் அப்புறமும் திருப்பப்படுகின்றன. பிறகு கடிகாரத்தை மெல்ல மெல்ல விலக்கும்போது புலம் வலுவிழந்து, ஒவ்வொரு திருப்பமும் முந்தையதைவிடச் சிறிதாகி, இறுதியில் எந்தத் திசையும் மேலோங்காமல் அப்பகுதிகள் சிதறி நிற்கின்றன. அவசரப்பட்டு, கடிகாரம் மேலே இருக்கும்போதே மின்சாரத்தை நிறுத்தினால், அந்தக் கணத்துப் புலம் எத்திசையில் இருந்ததோ அத்திசையிலேயே காந்தம் தங்கிவிடக்கூடும்.

சேமிப்பில் தூரமே பெரிய பாதுகாப்பு. சிறு காந்தத்தின் புலம் தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், இடைவெளியை இரட்டித்தால் எட்டில் ஒரு பங்குதான் எஞ்சும். இரத்த ஓட்டத்தைச் சீராக்கும் என்று விற்கப்படும் காந்தக் காப்புகளையும் கடிகாரத்தின் அருகில் வைக்க வேண்டாம். இரத்தத்திலுள்ள இரும்பை அவை இழுப்பதில்லை, கடிகாரச் சுருளைத்தான் பாதிக்கும். மற்றபடி, தோல் பட்டையை ஈரம் உலர்ந்த பிறகே உள்ளே வையுங்கள். நீர்த்தடுப்பு ரப்பர் வளையங்களைப் பழுதுபார்ப்பவரிடம் அவ்வப்போது சோதித்துக்கொள்ளுங்கள். குவார்ட்ஸ் கடிகாரமாயின், தீர்ந்த மின்கலம் கசிந்து உட்பகுதியை அரிக்குமுன் அதைக் கழற்றிவிடுங்கள்.